கவணா, தூளியா?

காட்டாற்றின் இக்கரையில் வாழ்ந்த குரங்குகள் கற்றாழை நாரில் கவண் பின்னக் கற்றிருந்தன. கல்லை வைத்துச் சுழற்றி விட்டால், அது அக்கரைப் பனைமரத்தில் போய் 'டொக்'கென்று விழும்.

அக்கரையில் நரிகள் இருந்தன. "கவண் அதுகள் கைக்குப் போனால் நம் கதி என்ன?" என்று இக்கரை விலங்குகள் நடுங்கின.

குரங்குத் தலைவன் ஆணையிட்டான்: "எந்தக் கவணும் ஆற்றைத் தாண்டக் கூடாது!"

ஆற்றுத் துறையில் கீரி காவல் நின்றது. அதற்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. ஆமை வந்தால் ஓட்டைத் தட்டிப் பார்க்கும். கொக்கு வந்தால், "வாயைத் திற!" என்னும். கீரியின் வளை துறைக்கு மேலேயே இருந்தது. உள்ளே கண் திறக்காத குட்டிகள். பக்கத்துப் புதரில் முயலின் குட்டிகள்.

இக்கரைக்கு விருந்துக்கு வந்த நரி ஒன்று திரும்பிப் போக வந்தது. அதன் தோளில் சின்ன நார்ப்பை. பையின் இரு பக்கமும் நீளக் கயிறு.

"என்னடா இது?"

"தூளி, அண்ணே! தங்கச்சிக்குக் குட்டி பிறந்திருக்கு."

"இதில் எலிகூடப் படுக்காதே!"

"குறைப்பிரசவம், அண்ணே!"

கீரிக்கு மீசை சிலிர்த்தது. பையைத் தூக்கிக்கொண்டு தலைவனிடம் ஓடியது.

தலைவன் அக்கரை ஈச்சம்பழத்தை மென்றுகொண்டே சிரித்தான். "கல்லை வைத்தால் கவண், குட்டியை வைத்தால் தூளி. இதில் கல் இருக்கிறதா?"

"இல்லை. ஆனாலும்..."

"ஆணையில் தூளி என்று இருக்கிறதா? விடப்பா!"

கீரி விட்டது.

சில நாளில் அதே நரி மறுபடி வந்துவிட்டு, திரும்பிப் போகத் துறைக்கு வந்தது. இந்த முறை ஒரு மூட்டைக் கூழாங்கல். அக்கரை வெறும் மணல். அங்கே கல்லே கிடையாது.

"இது எதற்கு?"

"பிள்ளை பெற்றவளுக்கு மருந்து அரைக்க, அண்ணே!"

"ஒரு மூட்டைக் கல்லிலா?"

"பெரிய குடும்பம், அண்ணே! ஏன், ஆணையில் கல் என்று இருக்கிறதா?"

கீரி யோசித்தது. 'தடுத்தால், கேட்க நீ யார் என்பார்கள். ஒருவேளை மருந்துக்குத்தானோ? என் புத்தியே கோணலோ?' அதன் கால் தானாக ஒதுங்கி வழிவிட்டது.

ஆனால் அன்று மாலையே கீரி தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, மலைப்பாறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. முயல் கேட்டது: "என்ன அண்ணா, வீடு மாற்றமா?"

"வளையில் ஈரம்" என்றது கீரி.

மறுநாள் அக்கரையிலிருந்து கற்கள் பறந்து வந்தன. கீரியின் வளை இடிந்து மூடியது. உள்ளே யாரும் இல்லை. பக்கத்துப் புதரிலிருந்து முயல் தள்ளாடி வந்தது. அதன் வாயில் தொங்கிய குட்டி அசையவில்லை. குட்டியைக் கீரியின் முன்னால் கிடத்தியது.

"ஈரம் என்றாயே, அண்ணா!"

கீரி ஆணையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தது. கவணைத் தவிர அதில் வேறு பொருளின் பெயரே இல்லை. முயல் கேட்டுக்கொண்டே நின்றது.

ஆபத்தை மோப்பம் பிடித்தும், ஆணையின் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தன் குட்டிகளை மட்டும் காப்பாற்றிக்கொள்பவன் காவலன் அல்லன்.