தினமும் அடித்த தமுக்கு

சிரித்தால் தலை போகும், சிரிக்காவிட்டால் வயிறு வெடிக்கும். அப்படி ஒரு சங்கடம் வந்தது வெண்ணாட்டு ஜனங்களுக்கு. ஆடிப்பெருக்கன்று ராஜா கோச்சேந்தன் ஆற்றில் முங்கி எழுந்தார். அவர் மீசை நீலமாகியிருந்தது!

"கூப்பிடு அந்த ஆற்றுக் கண்காணியை!"

ஆற்றைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டிய அந்த அதிகாரி சாத்தையன். பதினைந்து வருஷ உத்தியோகத்தில் பதினொரு ஊருக்குத் தூக்கியடிக்கப்பட்ட மனுஷன். போன இடமெல்லாம் உண்மையைச் சொல்லித் தொலைத்தால் வேறென்ன ஆகும்?

"அடுத்த மாசம் என் பிறந்தநாள். அன்றைக்கும் முங்குவேன். மீசை நிறம் மாறினால் உன் தலை உன்னுடையதில்லை" என்றார் ராஜா.

"மகாராஜா, ஆற்றின் மேல்பக்கம் மாசிலாமணியின் சாயப்பட்டறை இருக்கிறது. அங்கிருந்துதான்..."

"பார்த்தாயா?" என்று குறுக்கே பாய்ந்தார் மந்திரி. அவர் மாசிலாமணிக்குச் சம்பந்தி.

எப்படிப் பார்ப்பது? மந்திரி போட்டுவைத்த சட்டம் அப்படி. சோதனைக்குப் போகிற அதிகாரி மூன்று நாள் முன்னதாகவே பட்டறை வாசலில் தமுக்கடித்துச் சொல்லிவிட வேண்டும். தமுக்குச் சத்தம் கேட்டதும் கழிவு மதகை அடைத்துவிடுவார்கள். சாத்தையன் போகும்போது வாய்க்காலில் மீன் துள்ளும். மாசிலாமணி சிரித்தபடி மோர் கொடுப்பார். இவன் தெரு முனை திரும்புவதற்குள் மதகு திறந்துவிடும்.

"அந்தச் சட்டத்தை மாற்றுங்கள், மகாராஜா."

"கூடவே கூடாது! நாட்டில் தொழில் வளர வேண்டாமா?" என்றார் மந்திரி.

"சரி ஐயா. சட்டப்படியே நடக்கிறேன்" என்று கும்பிட்டான் சாத்தையன்.

மறுநாள் அவனே தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். "இன்றிலிருந்து மூன்றாம் நாள் சோதனை!" மதகு அடைபட்டது. அடுத்த நாளும் போனான். "இன்றிலிருந்து மூன்றாம் நாள் சோதனை!" அதற்கடுத்த நாளும் அதேதான். உள்ளே மட்டும் ஒருநாளும் காலெடுத்து வைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மாசிலாமணி சபைக்குள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"மகாராஜா! இந்த ஆள் தினமும் தமுக்கடிக்கிறான், வரமாட்டேனென்கிறான்! எத்தனை நாள்தான் மதகை அடைத்தே வைப்பது? சாயத்தண்ணீர் தொட்டி நிரம்பி, முற்றம் நிரம்பி, என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது!"

சபையே அவர் காலைப் பார்த்தது. முழங்கால் வரை நல்ல நீலம். மந்திரி மட்டும் கூரையைப் பார்த்தார்.

ராஜா மெதுவாகத் தன் மீசையைத் தடவினார். "ஓகோ! மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும், மாசிலாமணி?"

மாசிலாமணி வேட்டியை இறக்கி நீலக் காலை மறைத்தார். காலம் கடந்துவிட்டது, பாவம்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பட்டறைக்குப் பூட்டு, மந்திரிக்கு ஓய்வு என்று அங்கேயே உத்தரவு போட்டார். "பலே சாத்தையா! என்ன பரிசு வேண்டும், கேள்!"

"இன்னொரு தமுக்கு வேண்டும், மகாராஜா. இது அடித்து அடித்துக் கிழிந்துவிட்டது."

"பட்டறையைத்தான் பூட்டியாயிற்றே! இனி எங்கே அடிக்கப் போகிறாய்?"

"அரண்மனை வாசலில்" என்றான் சாத்தையன். "நம் சமையற்கட்டுச் சாக்கடையும் அதே ஆற்றில்தான் விழுகிறது."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. தமுக்கு கிடைத்தது. கூடவே பன்னிரண்டாவது மாற்றல் உத்தரவும் கிடைத்தது.