பலகை தொங்க வேண்டிய வீடு

உப்பாற்றூர்ப் பெண்கள் முப்பத்தாறு பேருக்கு அநீதி நடந்தது. போரில் ஊர் விழுந்ததும், வென்ற படையின் வீரர்கள் மூன்று நாள் வீடு வீடாகப் புகுந்து அவர்களைப் பலாத்காரம் செய்தார்கள். நான்காம் நாள் சமாதானம் என்று முரசு அறைந்தார்கள்.

வீரர்களுக்கு ஊரெல்லையில் கோட்டை கிடைத்தது. கட்டில் கிடைத்தது. மூன்று வேளைச் சோறு கிடைத்தது. அந்தப் பெண்களைத்தான் அவர்கள் வீட்டாரே வாசலில் மறித்து, உள்ளே வராதே என்றார்கள். செய்தவனுக்குக் கோட்டை, செய்யப்பட்டவளுக்குத் தெரு. உப்பாற்றூர் நியாயம் அப்படி இருந்தது.

முப்பத்தாறு பேரும் சந்தைக் கொட்டகையில் படுத்தார்கள். கொட்டகைக்குக் கூரை பாதிதான். மழைக்காலம் வந்துகொண்டிருந்தது.

ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் இளநங்கை என்றொரு குரத்தி இருந்தாள். பெண் குருவை அந்த நாட்டில் குரத்தி என்பார்கள். அவளுக்கு வயது முப்பதுகூட இருக்காது. சீடரோ ஒரே ஒருவர், ஐம்பத்தெட்டு வயதுச் சேந்தனார். ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதியே தலை நரைத்தவர்.

மகள் வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்கிறாரே என்று ஊர் சிரித்தது.

“சபையில் அவளோடு வாதாடித் தோற்றேன். ஜெயித்தவளிடம் படிக்காமல், என்னைப் போலத் தோற்றவனிடமா படிப்பது?” என்பார் சேந்தனார்.

ஒருநாள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமாக வந்தார்.

“குரத்தியாரே, பெண்களுக்கு வீடு கிடைத்துவிட்டது! தானிய வணிகர் குணவீரர் தருகிறார். பன்னிரண்டு அறை. வற்றாத கிணறு. தானப் பத்திரம்கூட நானே எழுதிவிட்டேன்.”

“பதிலுக்கு அவர் என்ன கேட்கிறார்?”

“ஒன்றும் இல்லை. ஒரு பலகை தொங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் வாசகம் அடியேன்தான். நாளைக்குத் திறப்பு விழாவில் பாருங்கள், அசந்துபோவீர்கள்.”

“பெண்களிடம் வாசித்துக் காட்டினீர்களா?”

“அவர்களுக்குத்தான் எழுத்து தெரியாதே!”

“காது கேட்குமே” என்றாள் குரத்தி.

சேந்தனார் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் வாழை கட்டி, மேளம் வைத்து, பானகம் கரைத்து விழா நடந்தது. குணவீரர் பட்டு உடுத்தி நின்றார். ஊருக்கு அவர்தான் தானிய வணிகர். கோட்டைக்கு அரிசி அளப்பவரும் அவர்தான். திரை விலகியது. தேக்குப் பலகையில் மஞ்சள் எழுத்து பளபளத்தது.

பெண்களில் முன்னால் நின்றவள் உப்பு விற்கும் கொற்றி. அவள் கூவினால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

“எழுத்து முத்து முத்தா இருக்குது, ஐயா. என்னன்னு வாசிங்க, கேப்போம்.”

சேந்தனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இப்படி ஒரு தருணத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

“போரில் மானம் இழந்தோர்க்கு அருளாளர் குணவீரர் அளித்த இல்லம்!”

மேளக்காரர் பழக்க தோஷத்தில் இரண்டு அடி அடித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

“இன்னொரு தரம் வாசிங்க” என்றாள் கொற்றி.

வாசித்தார். இந்த முறை குரல் பாதிதான் வந்தது.

“இன்னும் ஒரே ஒரு தரம், ஐயா. பலகையைப் பாக்காம, என் மூஞ்சியைப் பாத்து.”

சேந்தனாரால் முடியவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த வாசகம்தான். ஒரு சொல்கூட வாயிலிருந்து வரவில்லை.

கொற்றி இடுப்பு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு விரல் மடக்கினாள்.

“எனக்கு என்னென்ன போச்சுன்னு நான் சொல்றேன், எழுதிக்குங்க. உப்பு நாலு மூட்டை போச்சு. ஆடு ரெண்டு போச்சு. தூக்கம் போச்சு. புருஷன் போனான், ஆனா அதை நஷ்டத்துல சேக்கலாமான்னு யோசிக்கணும்.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“மானம் மட்டும் போகலை, ஐயா. இதோ நின்னு உங்ககிட்டப் பேசுதே, அது யாருன்னு நினைச்சீங்க? வாங்கடி, கொட்டகைக்கே போவோம். அங்க கூரைதான் ஒழுகும்.”

முப்பத்தாறு பேரும் திரும்பி நடந்தார்கள். பானகம் அப்படியே இருந்தது.

“திமிரைப் பார்த்தீரா?” என்றார் குணவீரர்.

“ஐயா, இரண்டே சொல்லை மாற்றிவிடலாமே...” என்று இழுத்தார் சேந்தனார்.

“ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது! பெண்களாக முப்பத்தாறு பேர் ஒரு வீட்டில் இருந்தால் ஊர் நாலு விதமாகப் பேசும். யாருக்கு எதற்காகக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தால்தான் என் பேர் நிற்கும். பௌர்ணமிவரை பார்ப்பேன். வராவிட்டால் உள்ளே நெல் மூட்டை அடுக்கிவிடுவேன்.”

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது. அன்று பிற்பகலே முதல் மழை அடித்தது. கொட்டகையில் பெண்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஒரே மூலையில் நின்றதைப் பார்த்துவிட்டு, சேந்தனார் சொட்டச் சொட்டத் தோப்புக்கு வந்தார்.

“நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், குரத்தியாரே. இந்தத் தானத்தை வாங்கலாமா, கூடாதா? வாங்கினால் தினம் தினம் அந்தப் பலகைக்குக் கீழே நுழைய வேண்டும். வாங்காவிட்டால் மழையில் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் நானே வாதாடிப் பார்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் தோற்கிறேன்.”

“வாசகத்தில் எந்தச் சொல் பொய்?”

“மானம் இழந்தோர் என்றது.”

“அப்படியானால் அந்த மூன்று நாளில் உப்பாற்றூரில் ஒருவருக்கும் மானம் போகவில்லையா?”

“இல்லை” என்று சொல்ல வாயெடுத்த சேந்தனார் நிறுத்திக்கொண்டார். வாதம் தெரிந்தவர். எங்கே கால் வைத்தோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

“போனது” என்றார் மெதுவாக.

“யாருக்கு?”

தோப்பின் இடைவெளியில் கோட்டை தெரிந்தது. அடுக்களைப் புகை நிம்மதியாக எழும்பிக்கொண்டிருந்தது. சேந்தனார் அதையே பார்த்தார்.

“பத்திரத்தை வாசியுங்கள்” என்றாள் குரத்தி.

மடியிலிருந்து ஓலையை எடுத்து வாசித்தார். “இப்பலகை உப்பாற்றூரில் ஊரார் காணத் தொங்கும் காலமெல்லாம் இவ்வில்லம் அப்பெண்களுக்கே உரியது. தொங்காத அன்று குணவீரருக்கே மீளும். இப்பலகைக்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்...”

நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். முகம் வெளுத்தது.

“எங்கே தொங்க வேண்டும் என்று எழுத விட்டுவிட்டேனே! நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு பிழை செய்ததில்லை!”

“நாற்பது வருஷத்தில் நீங்கள் செய்த நல்ல காரியம் அதுதான். உங்கள் வீட்டில் ஏணி இருக்கிறதா?”

சேந்தனார் ஓலையைப் பார்த்தார், கோட்டையைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் புளியமரத்துக் காகங்கள் பறந்தன.

மறுநாள் சந்தை. விடிந்ததும் அவர் கொட்டகைக்குப் போய்க் கொற்றி முன்னால் நின்றார். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

“தப்பு என்னுடையது, அம்மா. அந்த வாசகம் உங்களுக்கு உரியது இல்லை. வீடு மாறித் தொங்கிவிட்டது.”

“பின்னே யாரு வீட்டுக்கு உரியது?”

சொன்னார். கொற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உண்மையாவா? உங்களுக்குக் கால் நடுங்குதே, ஐயா.”

“நடுங்கிக்கொண்டேதான் வருவேன்.”

“அப்போ கம்போட முன்பக்கம் எனக்கு” என்றாள் கொற்றி.

கம்பு எதற்கென்றால், சேந்தனார் சட்டம் தெரிந்தவர். பலகை தொங்காமல் ஒரு கணம் இருந்தாலும் வீடு கைவிட்டுப் போகும். ஆகவே அதைக் கழற்றுவதற்கு முன்பே கம்பில் கயிறு கட்டினார்கள். முன்னால் கொற்றி தோள், பின்னால் சேந்தனார் தோள். ஏணி தூக்கிய பெண்களோடு குரத்தியும் நடந்தாள். வழி நெடுக “தொங்குகிறதா, தொங்குகிறதா?” என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். “தொங்குது, தொங்குது!” என்று பெண்கள் பதில் சொன்னார்கள். சந்தை முனையில் யாரோ ஒருத்தி குலவையிட்டாள். அவ்வளவுதான், முப்பத்தாறு வாயும் சேர்ந்துகொண்டன. கல்யாண ஊர்வலம் என்று நினைத்து ஒரு பூக்காரி எல்லாருக்கும் பூக் கிள்ளிக் கொடுத்தாள். விஷயம் தெரிந்த பிறகும் திருப்பிக் கேட்கவில்லை.

குணவீரர் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார்.

“ஐயோ, எங்கே கொண்டுபோகிறீர்கள்? கோட்டைக்கா? அங்கே நான் அரிசி அளக்கிறேன்!”

“அளங்க, வேண்டாம்னு யாரு சொன்னா? பலகையும் உங்க பேரோடதான் போகுது” என்றாள் கொற்றி.

“என் பேரையாவது சுரண்டிவிடுங்கள், குரத்தியாரே! உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்!”

“ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்றீர்களாமே” என்று சொல்லிவிட்டுக் குரத்தி நடந்தாள்.

கோட்டை வாசலில் பந்தம் மாட்டும் இரும்புக் கொக்கி இருந்தது. ஏணியைச் சாத்தினார்கள். சேந்தனார் இரண்டு படி ஏறிக் கீழே பார்த்தார்.

“ஏறுங்க, ஐயா. விழுந்தா பிடிக்க முப்பத்தாறு பேர் இருக்கோம்” என்றாள் கொற்றி.

ஏறினார். மாட்டினார். பின்னால் சந்தையே திரண்டிருந்தது. வாயில் காவலர்களில் எழுத்து தெரிந்தவன் ஒருவன் அண்ணாந்து வாசித்தான். வாசித்த பிறகு அவன் யாரையும் பார்க்கவில்லை. தன் ஈட்டி முனையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

படைத்தலைவன் வெளியே வந்தான். வாசித்தான். பலகையைப் பிடுங்கக் கையை உயர்த்தினான்.

ஏணி உச்சியிலிருந்து சேந்தனார் பத்திரத்தின் கடைசி வரியைச் சொன்னார். அன்று திறப்பு விழாவில் போன குரல் முழுதாகத் திரும்பியிருந்தது. “இப்பலகைக்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்!”

உயர்ந்த கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. முப்பத்தாறு பெண்களிடம் வராத பாவ பயம் ஒரு பசுவிடம் வந்தது.

அந்தப் பலகை பதினோரு ஆண்டு கழித்தும் அங்கேயே தொங்கியது. அன்று இருட்டுவதற்குள் புது வீட்டில் அடுப்புப் புகைந்தது. கிணற்றடியில் யார் முதலில் குளிப்பது என்று சண்டைகூட வந்துவிட்டது.

ஆனால் அந்தக் காலையில், சந்தை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கையில், படைத்தலைவன் வாய் பேசாமல் உள்ளே போக முடியுமா? மீசையைத் தடவிக்கொண்டு சத்தமாகச் சிரித்தான்.

“குரத்தி, இந்தக் கோட்டையில் நானூறு பேர் இருக்கிறோம். என் மானம் போய்விட்டது என்று ஒருவன்கூட இதுவரை என்னிடம் வந்து சொன்னதில்லையே?”

“தெரியும், படைத்தலைவரே” என்றாள் குரத்தி. “போனது தெரிந்தவன் இந்நேரம் தேடப் போயிருப்பான். தெரியாதவர்களுக்குத்தான் பலகை.”