ஒரு வரிகூடப் பொய்யில்லாத ஓலை

ஆம்பல்நாடு, ஆம்பல்நாடு என்று ஒரு நாடு. அதைச் சூரசிங்க மகாராசா ஆண்டுவந்த காலம். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி உள்ள ராசா. வழக்கு நடக்கும்போது பாதி நேரம் கண்ணயர்ந்துவிடுவார். அதனால் இருதரப்பும் பேசுவதை எழுத்தர் ஓலையில் எழுத, மறுநாள் அதைப் படிக்கக் கேட்டுத்தான் தீர்ப்பு. எழுத்தர் பெயர் கூத்தபிரான். அவருக்கு அரண்மனைச் சம்பளம் கிடையாது. வழக்குக்கு வருகிறவர்கள் படியளந்தால்தான் உண்டு.

அரண்மனையில் பெரிய அதிகாரியான தானாதிபதி திருமேனியார் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீதிமண்டபம் அமைச்சர் இளந்தேவர் பொறுப்பில் இருக்கிறதே என்று வயிறெரிகிற மனிதர். ஒருநாள் கூத்தபிரானைக் கூப்பிட்டு மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார். வீடு, நெல், கறவை மாடு எல்லாம் உண்டு. பதிலுக்கு, தானாதிபதி பேச்சை நயமாகத் திருத்தி விரிவாக எழுத வேண்டும். எதிராளி பேச்சைச் சுருக்கினால் போதும். பொய் எழுதச் சொல்லவில்லையே என்று கூத்தபிரானும் ஒப்பம் வைத்துவிட்டார். பாவம், சூதுவாது தெரியாதவர்.

அடுத்த வாரமே வந்தது வழக்கு. கீரைத்தோட்டக்காரி பொம்மக்காளின் கிணறு தன்னுடையது என்றார் தானாதிபதி. கிணறு போனால் தோட்டம் காயும், அவள் பிழைப்பே போகும். மூன்று நாழிகை அவள் எடுத்துச் சொன்னதெல்லாம் ஓலையில், 'கிணறு தனதென்று சொல்லி அழுதாள்' என்று ஒற்றை வரியாக நின்றது. தானாதிபதி பேச்சோ பதினெட்டு ஓலை! கேட்ட ராசா, கிணறு தானாதிபதிக்கே என்று சொல்ல வாயெடுத்தார்.

ஓலை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று தடுத்தார் அமைச்சர்.

"எந்த வரி பொய்? மூன்று நாளில் காட்டும். இல்லாவிட்டால் கிணறு தானாதிபதிக்குத்தான்" என்றார் ராசா.

கூத்தபிரான் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வரிகூடப் பொய்யில்லை. பின்னே ஏன் பொம்மக்காள் தன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்?

அமைச்சர் ஆளனுப்பினார். திட்டத்தான் போகிறார் என்று போனால், தானாதிபதியோடு போட்ட ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். அதையே ஒரே ஒரு நாளைக்குத் தம் பெயரில் எழுதித் தரச் சொன்னார். ஒன்றும் புரியாமலே எழுதிக் கொடுத்தார் கூத்தபிரான்.

மறுநாள் சபையில் அமைச்சர் ஒரு வழக்கைக் கிளப்பினார். போன மாசம் வேட்டையில் புலியை விரட்டியது தாம்தான், மகாராசா அல்ல என்றார். ராசாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். குதித்தும் உறுமியும் உச்சிவேளைவரை தம் வீரத்தைச் சொன்னார். அமைச்சர் இரண்டு வார்த்தையோடு உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் ஓலை படிக்கப்பட்டது. அமைச்சர் பேச்சு அலங்காரமாக ஆறு ஓலைக்கு ஓடியது. கடைசியில் ஒரு வரி: 'மரத்தில் ஏறியதாகவும், புலி போனதும் இறங்கியதாகவும் மகாராசா சொன்னார்.'

சபை சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

ராசா வாளில் கைவைத்தார். கூத்தபிரான், மகாராசா ஏறினதாகச் சொன்னதும் உண்டு, இறங்கினதாகச் சொன்னதும் உண்டு, நடுவில் உள்ளதைச் சுருக்கினேன் என்று குழறினார்.

"எந்த வரி பொய் என்று மகாராசாதான் காட்ட வேண்டும்" என்றார் அமைச்சர்.

ராசா ஓலையை வாங்கிப் பார்த்தார். விழித்தார். மறுபடி பார்த்தார். "பொய் ஒன்றுமில்லை. ஆனால் நான் சொன்னது இது இல்லையே?"

"பொம்மக்காளும் அதைத்தானே சொல்கிறாள்" என்று அமைச்சர் இரண்டு ஒப்பந்தங்களையும் முன்னால் வைத்தார்.

கூத்தபிரானுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபத்தில் தானாதிபதி உளறியதைத் திருத்துகிறேன் என்று தானே எடுத்துவிட்டதாகச் சபையில் ஒப்புக்கொண்டார். அது என்ன என்று கேட்டார் ராசா.

"'தன் கிணற்றை எனக்குக் கொடுத்தால் அவள் குறைந்தா போவாள்' என்றார், மகாராசா."

தானாதிபதி தலை தொங்கியது. கிணறு பொம்மக்காளுக்கே என்று தீர்ப்பாயிற்று. ஒரு மாசம் அவள் தோட்டத்துக்குத் தானாதிபதி தம் கையாலேயே நீர் இறைக்க வேண்டும் என்றும் ஆயிற்று. அமைச்சருக்கு ராசாவின் முத்துமாலை கிடைத்தது. இனி எழுத்தரோடு ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தருவது மண்டபம் மட்டுமே. வழக்காளி எவரிடமும் அவர் எதுவும் வாங்கக் கூடாது. யார் பேசினாலும் முழுப்பேச்சும் ஏறவேண்டும் என்று சட்டமும் வந்தது.

வாசலில் பொம்மக்காள் ஒரு கட்டுக் கீரையை நீட்டினாள். கூத்தபிரான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அதான் வழக்கு முடிஞ்சிருச்சே, சாமி."

"நாளைக்கு உன்மேல யாராச்சும் வழக்குப் போட்டா, அதையும் நான்தானே எழுதணும், தாயி" என்று சொல்லிவிட்டு, கீரைக்கடையைத் தேடி நடந்தார்.