மெழுகில் பூத்த வெள்ளை

"தாயி, இந்த வருஷமாவது எனக்குத் தீட்சை உண்டா இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

கேட்டவர் தீர்த்தகிரி. வயது அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு இந்த மலை மடத்துக்கு ஏறி வந்தவர்.

மடத்தின் குரு தாயி. வயது முப்பத்து நாலு. அடுப்படி வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"மெழுகுவத்தி எங்கீங்க ஐயா?" என்றாள்.

அது மடத்து வழக்கம். தீட்சை கேட்டு வருகிறவர் மலைத்தேன் கூட்டு மெழுகை உருக்கி, தன் கையால் ஒரு மெழுகுவத்தி வார்க்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அது அவர் அறை மாடத்தில் இருக்கும். மாசி பிறந்ததும் தாயி பார்ப்பாள். பிடித்தால் ஏற்றுவாள், அதுதான் தீட்சை. பிடிக்காவிட்டால் அடுத்த மாசி. அப்போதும் பிடிக்காவிட்டால் பஸ் ஏற வேண்டியதுதான்.

போன மாசியில் தீர்த்தகிரி நீட்டியது ஊதுவத்தி கனத்தில் இருந்தது.

அவர் என்ன செய்வார்? குளிர் ஏற ஏற மெழுகின்மேல் வெள்ளையாக எதுவோ படர்ந்தது. பூஞ்சை என்று கத்தியால் சுரண்டினார். பத்து நாளில் மறுபடி படர்ந்தது. மறுபடி சுரண்டினார். மாசிக்குள் திரி மட்டும் தப்பித்தது.

தாயி பார்த்தாள். சிரித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஏனென்று சொன்னாளா? சொல்லிவிட்டால் அவள் தாயி இல்லையே.

இந்த வருஷம் அவர் பையிலிருந்து எடுத்தது பால் வெள்ளை. பளபளவென்று, ஒரு பொட்டுக் கறை இல்லாமல்.

"பாருங்க. சுத்தம். என் மனசும் இப்ப இப்படித்தான் இருக்கு. மக நினைப்பு வர்றதே இல்ல."

"மக பேரு என்னங்க?"

"அது எதுக்கு இப்ப? எனக்குப் பிடிக்காத கல்யாணம் பண்ணிக்கிட்டா. பேசி ஒம்பது வருஷமாச்சு. அந்த லைனைத் துண்டிச்சாச்சு, தாயி."

தாயி மெழுகுவத்தியை நகத்தால் கீறினாள். பொடிப்பொடியாய் உதிர்ந்தது. மோந்து பார்த்தாள்.

"இதுக்குத் தேனீயவே தெரியாதுங்களே ஐயா. மண்ணெண்ணெய்க்கு ஒண்ணுவிட்ட தம்பியாட்டம் இருக்குது."

தீர்த்தகிரிக்குக் காது சிவந்தது.

"பாரஃபின்தான். அடிவாரத்துக் கடையில வாங்கினேன். என்ன தப்பு? தேன்மெழுகு அறுபத்து மூணு டிகிரியில உருகும். இது ஐம்பத்தெட்டுல உருகும். அஞ்சு டிகிரி, தாயி. அஞ்சு டிகிரிக்காக ஒரு மனுஷனை ரெண்டு வருஷம் அலைக்கழிப்பாங்களா?"

"நீங்க வார்த்தது?"

"கட்டிலுக்கு அடியில. பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு."

"எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தார். திருநீறு பூசினதுபோல் உடம்பெல்லாம் வெள்ளை.

"சுரண்டலீங்களா?"

"சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ஞ்சு போச்சு. விட்டுட்டேன்."

"பொத்திப் பிடிங்க."

பிடித்தார். தாயி பட்டாணிக்குத் திரும்பிவிட்டாள்.

"எவ்வளவு நேரம், தாயி?"

"இது முடியட்டும்."

"எனக்குக் கீழ நாப்பது பேர் வேலை பார்த்தாங்க."

"அப்ப ஒரு மெழுகுவத்திய சமாளிச்சிருவீங்க."

பட்டாணி முடிந்தது.

"இப்ப விரிங்க."

விரித்தார். விரல் பட்ட இடத்திலெல்லாம் வெள்ளையைக் காணோம். மெழுகு தேன் நிறத்தில் மினுங்கியது. விரல் படாத இடத்தில் வெள்ளை அப்படியே இருந்தது.

"அப்ப இது பூஞ்சை இல்லியா?"

"உள்ள இருக்கறதுதானுங்க வெளிய வந்து உக்காருது. தேன்மெழுகு குளிர்ல பூக்கும்."

"மறுபடி வருமா?"

"குளிர்ந்தா வரும்."

"கடை மெழுகுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் வராதுங்க."

தீர்த்தகிரி கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தாயி உள்ளே போய்த் தீப்பெட்டி கொண்டுவந்தாள். ஒரு குச்சியை உரசி, அவர் கையிலிருந்த மெழுகுவத்தியின் திரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"மக பேரு?"

"அதுக்கும் தீட்சைக்கும் என்ன சம்பந்தம், தாயி?"

குச்சி விரல்வரை எரிந்தது. கீழே போட்டாள். இன்னொன்றை உரசினாள்.

"நான்தான் மறந்துட்டேன்னு சொன்னேனே."

அதுவும் எரிந்து முடிந்தது.

தாயி பெட்டியை அவர் காதருகே குலுக்கினாள். உள்ளே ஒற்றைக் குச்சியின் சத்தம்.

"சாயங்காலம் உலை வெக்கோணுமுங்க. இதுதான் கடைசி."

உரசினாள்.

தீர்த்தகிரி மெழுகுவத்தியை இரண்டு கையாலும் பொத்தினார். சுடர் குச்சியில் பாதி தூரம் இறங்கிவிட்டது. முக்கால். தாயி விரலை நகர்த்தவில்லை.

"கை சுடப்போகுது, தாயி," என்றார் எரிச்சலோடு. "கோகிலா. கோகிலவாணி."

திரி பிடித்துக்கொண்டது.