முரசுக்குக் குளிராது

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. எண்ணூற்று எழுபது பேர் நான்கு மாதம் அதைப் பல்லுக்கிடையில் கடித்து வைத்திருந்தார்கள். நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே மலைநாட்டு அரசன் ஒருவனுக்குத் துணையாகத் தென்னாட்டுப் படை ஒன்று போயிருந்தது. போன இடத்தில் கோட்டை விழுந்தது. துணைக்குக் கூப்பிட்ட அரசன் எதிரியோடு சமாதானம் பேசி, பெண்ணும் கொடுத்துவிட்டான். தென்னாட்டார் தொள்ளாயிரம் பேர் பருத்தி வேட்டியோடு, பனிக்காலம் தொடங்கும்போது மலை தாண்டி ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பின்னால் எதிரியின் குதிரைப்படை.

படைத்தலைவர் மழவரையர். அவருக்கு அடுத்தவர் வெண்காடர், ஐம்பதை நெருங்கியவர். வெண்காடர் எதைச் சொன்னாலும் "தலைவர் கட்டளை" என்றுதான் தொடங்குவார். சோறு ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்பதைக்கூட. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை தானாக ஒரு கட்டளை போட்டார். ஓர் ஆற்றைக் கடக்கச் சொன்னார். நாற்பத்திரண்டு பேர் இறங்கினார்கள். பதினொரு பேர் கரை ஏறினார்கள். அதோடு சரி.

படையோடு ஒரு சாமியாரும் இருந்தார். முப்பது வயது. முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. துறவுக்கு முன் கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டி ஊரைச் சிரிக்க வைத்தவர். வீட்டைத் துறந்தார், தொண்டையை மட்டும் துறக்கவில்லை. கழுதை, எண்ணெய் போடாத கதவு, மாமியார், மருமகள், இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மகன், எல்லாரும் அந்தத் தொண்டையில் குடியிருந்தார்கள். கிளிச்சாமி என்று ஆட்கள் பெயர் வைத்திருந்தார்கள். தன்னைவிட இருபது வயது சின்னவரான அவரைத்தான் வெண்காடர் குருவாக வரித்திருந்தார்.

ஒரு நாள் கஞ்சி வேளையில் பல்லக்குத் தூக்கி சாத்தன் கேட்டான்.

"சாமி, எல்லார் குரலும் வருது. எங்க வெண்காடரையும் ஒரு தடவை செய்யுங்களேன்."

"அவர் குரலை நான் இன்னும் கேட்டதில்லையே, சாத்தா. கேட்டாத்தானே செய்ய முடியும்?"

வெண்காடர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. கஞ்சியைக் குடித்து முடித்தார்.

கோட்டை விழுந்த அன்று அவர் குருவைத் தனியாகப் பிடித்தார்.

"சாமி, தப்பாகாத முடிவை எப்படி எடுக்கிறது?"

"மலை இறங்கினதும் சொல்றேன்," என்றார் கிளிச்சாமி.

கிளம்புகிற அன்று மழவரையருக்கு அம்மை போட்டுவிட்டது. பல்லக்கில் படுக்க வைத்துத் திரையை இறக்கினார்கள். அந்த மலையில் வேப்பிலைக்கு எங்கே போவது? மருந்துப் பையின் அடியில் கிடந்த காய்ந்த கொத்து ஒன்றைத் திரையில் செருகினார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ளக் கிளிச்சாமி. தூக்க நான்கு பேர், சின்ன வயதிலேயே அம்மை கண்டவர்கள். மற்றவர்கள் பத்தடிக்குள் வரக்கூடாது. தலைவரிடம் பேச வேண்டுமென்றால் தள்ளி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு பேச வேண்டும்.

முதல் நாள் வெண்காடர் அப்படி நின்று, "எந்தப் பக்கம், ஐயா?" என்றார்.

"கிழக்கே நட," என்றது திரை. அவ்வளவுதான். மழவரையர் யாரிடமும் யோசனை கேட்டவரில்லை.

மூன்றாம் நாள் காலை பாதை இரண்டாகப் பிரிந்தது. கீழே ஆற்றங்கரை வழி, குறுக்கு. மேலே கணவாய் வழி, நான்கு நாள் கூடுதல். வெண்காடர் போய் முதுகைக் காட்டி நின்றார்.

"எந்தப் பக்கம், ஐயா?"

பதில் வரக் கொஞ்சம் நேரமானது. பிறகு தலைவரின் கரகரத்த குரல் வந்தது.

"நீ என்னடா நினைக்கிறே?"

வெண்காடருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் நினைக்க என்ன இருக்கு, ஐயா."

"கேட்டதுக்குப் பதில்."

"ஆறு உறைஞ்சு கட்டியாக் கிடக்கு. தரை மாதிரி நடக்கலாம்கிறாங்க. எனக்கு... எனக்கு ஆத்தை நம்ப மனசு வரலை, ஐயா. மேலே ஏறிடலாம்னு தோணுது."

"பின்னே அப்படியே செய். இதைக்கூட நானா சொல்லணும்?"

வெண்காடர் நிமிர்ந்து நடந்தார். "தலைவர் கட்டளை. எல்லாரும் கணவாய்க்கு ஏறுங்க." அந்தக் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. பல்லக்குக்கு அந்தப் பக்கம் கிளிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஏறினார்கள். பனியை யாரும் அதற்கு முன் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. தேவன்குடி நக்கன் என்பவன் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, "உப்பு போதலை," என்றான். மறுநாள் அவனால் கால் ஊன்ற முடியவில்லை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. களைத்து உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே உறங்கினார்கள். உறங்கியவர்களில் சிலர் எழவில்லை. கிளிச்சாமி ஒவ்வொருவனையும் கேட்டு வைத்துக்கொண்டார்: உன்னை வீட்டில் யார் திட்டுவார்கள், எப்படித் திட்டுவார்கள் என்று. எவனாவது கண்ணை மூடினால் அவன் காதருகே அவன் பெண்டாட்டியின் குரல் கேட்கும். "எருமை, தண்ணி எடுத்தாரச் சொன்னா இங்கே வந்து சாஞ்சுக்கிட்டியா?" அலறி எழுந்துவிடுவான்.

ஐந்தாம் நாள் வெண்காடர் ஒன்றைக் கவனித்தார். படையின் வீரமுரசு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நீராட்டிக் குங்குமம் வைத்துக் கட்டிலில் உறங்க வைக்கிற முரசு. அதை இழந்த படை தோற்ற படை. எட்டுப் பேர் வெறுங்காலோடு சுமந்தார்கள். முரசின் மேல் இரண்டு கம்பளி போர்த்தியிருந்தது.

அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நடந்தார். பிறகு பல்லக்குக்குப் போய் முதுகைக் காட்டினார்.

"ஐயா, ஒண்ணு கேட்கணும். கேட்டா என் தலையை எடுப்பீங்க."

"நீ என்னடா நினைக்கிறே?"

"முரசுக்குக் குளிராது, ஐயா. ஆளுகளுக்குக் குளிருது."

சுமந்தவர்கள் மூச்சை அடக்கினார்கள்.

"தோலைக் கிழிச்சா காலுக்குச் சுத்தலாம். சின்னப் பறை முப்பது இருக்கு, கேடயத் தோலும் இருக்கு. மரத்தை எரிச்சா ரெண்டு வேளை கஞ்சி காயும். அரசர் கேட்டா நான் உடைச்சேன்னு சொல்லிக்கிறேன்."

"சொல்லி முடிச்சியா?"

"முடிச்சேன், ஐயா."

"பின்னே அப்படியே செய். இதைக்கூட நானா சொல்லணும்?"

முதல் கத்தியை வெண்காடரே வைத்தார். குங்குமக் கறை படிந்த நடுத்தோலில் ஒரு துண்டு அவர் பங்குக்கு வந்தது. காலில் சுற்றிக்கொண்டார்.

அன்று பிற்பகல் பல்லக்கை இறக்கி வைத்திருந்தபோது திரைக்கு அடியில் ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வெறும் பாதம். வீங்கியிருந்தது. ஆறு விரல்.

இருபத்தைந்து வருஷம் கூட இருந்தும் தலைவருக்கு ஆறு விரல் என்று தெரியாமல் போனதே. பத்தடியில் நின்று அந்தப் பாதத்தைக் கும்பிட்டார். தன் காலில் இருந்த தோலை அவிழ்த்துச் சாத்தனிடம் நீட்டினார்.

"தலைவர் காலுக்குச் சுத்து."

"ஐயா, உங்களுக்கு?"

"சுத்துடா."

பல்லக்கு குலுங்கியது.

"தலைவருக்குக் குளிர் நடுக்கம்," என்றான் சாத்தன், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. "ரொம்ப நடுங்குறாங்க."

அதன்பிறகு சில நாள் பல்லக்கு கனமாக இருந்தது, சில நாள் இலேசாக. வெண்காடர் கேட்டபோது, "கோபம் வந்தா கனம் ஏறும்ங்க," என்றான் சாத்தன். இருக்கும் என்று வெண்காடர் ஒத்துக்கொண்டார்.

தொள்ளாயிரம் பேர் ஏறிய மலையிலிருந்து எண்ணூற்று எழுபத்தொரு பேர் இறங்கினார்கள். அடிவாரத்தில் ஆட்டிடையர்களின் ஊர் ஒன்று அவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆற்று வழியில் துரத்தி வந்த குதிரைகளின் அடியில் பனிக்கட்டி உடைந்துபோனதை இடையர்கள் சொன்னார்கள்.

"தலைவர் கணக்குத் தப்பாது," என்றார் வெண்காடர்.

சுற்றி நின்றவர்கள் உதட்டைக் கடித்தார்கள். ஒருவன் ஓடியே போய்விட்டான்.

குளிர்காலம் முழுக்க அங்கே கிடந்தார்கள். கால்கள் ஆறின. ஆட்டுத்தோல் உடுத்தப் பழகினார்கள், பார்லிக் கஞ்சியைத் திட்டாமல் குடிக்கப் பழகினார்கள், ஊராருக்குக் கல்சுவர் கட்டிக் கொடுத்தார்கள். கிழட்டு எருது ஒன்று செத்தபோது அதன் தோலில் ஒரு முரசு கட்டினார்கள். சத்தம் கொஞ்சம் தொண்டை கட்டியது போல இருந்தது, ஆனாலும் முரசு. தினமும் காலையில் வெண்காடர் பல்லக்குக்கு முதுகைக் காட்டி நின்றார். யாருக்கு எந்தக் காவல், அடித்துக்கொண்ட இருவரை என்ன செய்வது, எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தது.

"அம்மைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா, சாமி?" என்று ஒரு நாள் கேட்டார்.

"மூணு தண்ணி ஊத்தியாச்சு. அம்மனுக்குத்தான் போக மனசில்லை."

"தலைவர் குணமே மாறிப்போச்சு. முன்னெல்லாம் யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்."

"நோவு வந்தா மனுஷன் மாறத்தானே செய்வான்," என்றார் கிளிச்சாமி. அதை மழவரையரின் மனைவியின் குரலில் சொன்னார். வெண்காடருக்குக் கண் கலங்கியது.

பனி உருகியதும் எதிரி வந்தான், இந்தமுறை கணவாய் வழியே. தலைவரைக் கேட்டுவிட்டு வெண்காடர் ஆட்களை இடுக்கில் நிறுத்தினார். ஒன்றரை நாள். எதிரி திரும்பிப் போனான். எருதுத்தோல் முரசு கட்டிய தொண்டையோடு முழங்கியது.

அடுத்த நாள் வெண்காடர் ஓடைக்குப் போனார். நக்கன் பாறையில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு தோல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் பழைய குங்குமக் கறை.

வெண்காடர் தோலைப் பார்த்தார். காலைப் பார்த்தார். விரலை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"நக்கா, இது என்னடா?"

நக்கன் காலைத் தண்ணீருக்குள் இழுத்தான். "பொறந்ததிலேர்ந்தே இருக்குங்க, ஐயா."

வெண்காடர் திரும்பி நடந்தார். நக்கன் ஈரக்காலோடு பின்னால் ஓடிவந்தான். வழியில் இருந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பல்லக்கைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. வெண்காடர் வழக்கமான இடத்தில், பத்தடி தள்ளி, முதுகைக் காட்டி நின்றார்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"நீ என்னடா நினைக்கிறே?"

"நீங்க செத்து நாலு மாசம் ஆச்சுன்னு நினைக்கிறேன், ஐயா."

சாத்தன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"பின்னே அப்படியே வெச்சுக்கோ," என்றது மழவரையரின் குரல். "இதைக்கூட நானா சொல்லணும்?"

வெண்காடர் திரும்பினார். பத்தடியையும் நடந்து, காய்ந்த வேப்பங்கொத்துக்கு நேரே நின்றார். திரையைத் தூக்கவில்லை.

"எப்போ, சாமி?"

"மூணாம் நாள் விடியல்ல." இது கிளிச்சாமியின் சொந்தக் குரல். "பாதை பிரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. கல் அடுக்கி மூடினோம். சாத்தன் மடியில கடைசியா ரெண்டு வெத்தலை இருந்துச்சு, அதை வெச்சான்."

"அப்புறம் இதுக்குள்ளே இருந்தது?"

"நடக்க முடியாதவங்க. அம்மை கண்ட ஆளாப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒருத்தர்."

"இவங்க எல்லாருக்கும் தெரியுமா?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"அப்போ ஆத்து வழி வேணாம்னு சொன்னது யாரு? முரசை உடைக்கச் சொன்னது யாரு?"

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மழவரையருடையது அல்ல. சாமியுடையதும் அல்ல. முதலில் கொஞ்சம் தயங்கி, மூச்சு வாங்கி, பிறகு நேராக வந்தது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது பழகிய குரல். வெண்காடர் மட்டும்தான் அதை வெளியிலிருந்து கேட்டதில்லை.

"முரசுக்குக் குளிராது, ஐயா," என்றது அது. "ஆளுகளுக்குக் குளிருது."

வெண்காடர் கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"மலையில விட்டுட்டு வந்த இருபத்தொன்பது பேரு?" என்று கேட்டார்.

"அதுவும் இந்தக் குரல்தான், வெண்காடரே."

வெண்காடர் மெல்லத் தலையாட்டினார். வேப்பங்கொத்தைத் திரையிலிருந்து உருவி எடுத்தார். அதில் ஓர் இலைகூட மிச்சமில்லை.

சாத்தன் பக்கத்தில் வந்து நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஐயா."

"என்னடா?"

"இப்பவாவது நாங்க சிரிச்சுக்கலாமா?"

வெண்காடர் வாயைத் திறந்தார். "தலை..." என்று தொடங்கினார். நிறுத்தினார். கையில் இருந்த வெறுங்குச்சியைப் பார்த்தார்.

"சிரிச்சுத் தொலைங்கடா," என்றார்.