தபால் பெட்டியின் சிவப்பு

ஊருக்கு இப்படியொரு தலைவர் வாய்த்தது ஊரின் தலையெழுத்து. அவரே கடைக் கட்டடத்துக்கும் சொந்தக்காரராக வாய்த்தது, அதை வாடகைக்கு எடுத்து நடத்தும் வடிவின் தலையெழுத்து. பழைய வீடியோ கேசட்டுகளைப் பென்டிரைவுக்கு மாற்றித் தரும் சின்னக் கடை அது.

தன் பிறந்தநாள் விழாவில் போட்டுக்காட்ட, தலைவர் தளவாய்ராஜ் மூன்று கேசட் கொடுத்திருந்தார். மூன்றும் ஒரே பஜார் முக்கில் அவர் பேசிய கூட்டங்கள். மாற்றியதைப் பார்த்தவருக்கு முகம் சுண்டிப்போனது. தோளில் கிடந்த துண்டு ஒன்றில் நீலம், அடுத்ததில் மஞ்சள், கடைசியில் ஊதா.

"மாத்தும்போது கலரைக் கெடுத்துட்டியேம்மா. மூணுலயும் ஊதாவா வரணும். இல்லேன்னா நாளைக்கே கடையைக் காலி பண்ணு."

தொண்டர்கள் தலையாட்டினார்கள். அவர் மூன்று கட்சி மாறியது அவர்களுக்குத் தெரியும், கூடவே மாறியவர்கள்தானே.

வடிவு மூன்று படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள்.

"கலர் பிசகியிருக்கான்னு பாக்க, எல்லாருக்கும் நிறம் தெரிஞ்ச ஒரு சாமானைத் தேடுவோம் ஐயா. உங்களுக்குப் பின்னால தபால் பெட்டி நிக்கி. மூணுலயும் ஒரே சிவப்பு. நான் கெடுத்திருந்தா அதுவும்லா மாறியிருக்கணும்?"

ஒரு தொண்டன் சிரித்துவிட்டு, அதை இருமலாக்கிக்கொண்டான்.

தலைவர் கோபப்படவில்லை. தபால் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிரு" என்றார்.

விழாவில் படம் ஓடியது. "கலர் வராத காலத்துலயே நம்ம தலைவர் என்னமா முழங்கியிருக்காரு பாருங்க" என்று ஒருவர் மைக்கில் உருகினார். மைதானமே கைதட்டியது.

கடைச் சாவி வடிவின் இடுப்பில் உறுத்தியது. அவளும் தட்டினாள்.