கத்தரிக்கோல் பட்ட மீகூன்

மலேசியாவின் தைப்பிங்கில் காத்தமுத்துவுக்கு ஒரு கிளாஸ் தேநீர் வாங்கிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. குடித்த வாயின் சூடு ஆறுவதற்குள் ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு உங்கள் வாசலில் வந்து நிற்பார். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு பதிலுக்கு நாலு வாழைப்பழம் கொடுத்தீர்களோ, தொலைந்தீர்கள். மறுநாள் ஒரு தாரே வரும். அதனால் ஊரில் பலர் அவர் வருவதைப் பார்த்தாலே தங்கள் தேநீரை அவசரமாகக் குடித்து முடித்துவிடுவார்கள்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு மீனலோசனி அம்மையாரின் மடத்தில் வந்து சேர்ந்தார். அம்மையாருக்கு அவருடைய மகள் வயது. அவர் "அம்மா" என்று கூப்பிடும்போது, புதிதாக வந்தவர்கள் யாரோ கிழவி வருகிறாளாக்கும் என்று திரும்பிப் பார்ப்பார்கள். காத்தமுத்துவுக்கு அதில் கூச்சமே கிடையாது. குரு என்றால் குருதான்.

ஒரு நாள் காலையில் அவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மடத்தில் அன்று மீகூன்.

அரிசி மாவை நூல் நூலாகப் பிழிந்து வெயிலில் காயவைக்கும் இந்தப் பண்டத்தை அந்த ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் சீனர்கள். வந்த பிறகு அதற்குச் சொந்தம் கொண்டாடாதவர்களே இல்லை. மலாய்க்காரர் எலும்பு சூப்பில் போட்டார். சயாம்காரர் புளியும் மிளகாயும் சேர்த்தார். நம்மவர்கள் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். இன்று கோயில் அன்னதானத்திலும் அது உண்டு, கருமாதி வீட்டிலும் உண்டு.

"ஐயா, பசியாறலையா?" என்று கேட்டார் அம்மையார்.

"இதைப் பார்த்தா தொண்டையில இறங்கலம்மா."

"ஏன், உப்பு இல்லையா?"

"ஒரு பரிகாரம் சொல்லுங்க. நான் ஓர் உயிரைக் கத்தரிச்சிட்டேன்."

அம்மையார் எதிரே உட்கார்ந்தார். காத்தமுத்து சொன்னார்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த ஈயச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வேலை போய், காய்ச்சலும் வந்து, கொட்டுகிற மழையில் ஒரு மீகூன் பட்டறையின் காயவைக்கும் தட்டிகளுக்கு அடியில் போய் விழுந்தார் அவர். பட்டறைக்காரரின் மனைவியை ஊரே ஆ சோ என்று கூப்பிடும். ஆ சோ அவரைத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போட்டு, எழுந்து நிற்கும் வரைக்கும் மீகூன் சூப்பு வைத்து ஊட்டினார். அதன் பிறகுதான் ரயில்வே வேலை, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம். காத்தமுத்து அன்றிலிருந்து கொடுக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பெட்டி, கோழி, கூரைக்குத் தகரம், தையல் மெஷின், ரேடியோ.

ஒவ்வொரு முறையும் ஆ சோ ஒரு தட்டு மீகூனை நீட்டுவார். "ரயிலுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார் இவர். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டேதான் இருந்தது.

இந்த வருஷம் ஆ சோவின் பிறந்தநாளுக்குப் பெரிய மின்விசிறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். மேசையில் பட்டறையில் செய்த மீகூன், நீள நீளமாக. சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று ஆ சோ கையைப் பிடித்தார். "கட்டிக் கொடுங்க ஆ சோ, வீட்டுல போய்ச் சாப்பிடுறேன்" என்றார் காத்தமுத்து. பொட்டலத்துக்கு வெளியே இழைகள் தொங்கின. அலமாரியில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, தொங்கியதை எல்லாம் நறுக் நறுக்கென்று வெட்டிவிட்டார்.

வீடே கப்சிப் என்றாகிவிட்டது.

"நீ இனிமே வராதே" என்றார் ஆ சோ.

காப்பிக் கடையில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. சீனர்களுக்குப் பிறந்தநாளில் அந்த இழை நீளமாக இருந்தால் ஆயுசும் நீளம். அதை யாரும் வெட்டக் கூடாது. அடுத்த மாதமே ஆ சோ படுத்த படுக்கையானார். இவர் ஓடிப் போனார். மகள் சியூ பெங் கதவைப் பாதி திறந்து, "அம்மா வேண்டாங்குறாங்கண்ணே" என்று சொல்லி மூடிவிட்டாள்.

சொல்லி முடித்துவிட்டு அம்மையாரை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு உயிர் கொடுத்தவங்க உயிரை நானே வெட்டிட்டேன். தங்கச் சங்கிலி செஞ்சு போடட்டுமா? அவங்க பேருல அன்னதானம் பண்ணட்டுமா? எதுன்னாலும் செய்யுறேம்மா. அவங்க கண்ணை மூடுறதுக்குள்ள என்னை ஒரு தடவை உள்ள விட்டாப் போதும்."

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் போவோம்" என்றார் அம்மையார். "ஆனா கையில எதுவும் இருக்கக் கூடாது."

"நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடயா?"

"வெறுங்கையோட."

இதற்கு அவரைத் தீ மிதிக்கச் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் நிம்மதியாகவாவது மிதித்திருப்பார்.

மறுநாள் மடத்து வாசலில் அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப் பை புடைத்திருந்தது.

"என்ன அது?"

"ஒரே ஒரு ஆரஞ்சும்மா."

அம்மையார் அதை வாங்கி அங்கேயே உரித்துத் தின்றார். "நல்ல இனிப்பு. இன்னொரு பையில?"

"தைலம். கால் வலிக்கு."

தைலப் புட்டி மடத்து ஜன்னலுக்குப் போயிற்று. வழி நெடுகக் காத்தமுத்துவுக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னால் கட்டிப் பார்த்தார். பின்னால் கட்டிப் பார்த்தார். இரண்டு கைகளும் யாருடையவோ போல ஆடிக்கொண்டு வந்தன.

அந்த ஊரில் வெயில் அடிப்பதே ஒரு விசேஷம். பல நாள் மழைக்குப் பிறகு அன்று பளிச்சென்று வெளுத்திருந்தது. பட்டறை முற்றம் முழுக்கத் தட்டிகளில் மீகூன் காய்ந்துகொண்டிருந்தது. இவரைக் கண்டதும் சியூ பெங்கின் முகம் சுருங்கியது. பிறகு அவர் கைகளைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டு வந்தாள்.

"வரச் சொல்றாங்க."

ஆ சோ கட்டிலில் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிக் கிடந்தார். பழைய சுரங்கத்து ஆட்களிடம் கற்ற தமிழை அவர் இன்னும் மறக்கவில்லை.

"கை காட்டு."

காத்தமுத்து காட்டினார்.

"திருப்பு."

திருப்பினார்.

"சட்டைப் பை?"

"அதை நான் பார்த்தாச்சு" என்றார் அம்மையார்.

ஆ சோ அம்மையாரை முதல்முறையாகப் பார்த்துத் தலையசைத்தார். காத்தமுத்துவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க ஆ சோ. தெரியாம வெட்டிட்டேன். அதனாலதான் நீங்க இப்படி..."

"என்ன வெட்டினே?"

"பொறந்தநாள் மீகூனை. கத்தரிக்கோலால."

ஆ சோ அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். வாயில் ஒரு பல் கூட இல்லை. தலைமாட்டில் இருந்த கிண்ணத்தைக் காட்டினார். அதில் அதே கத்தரிக்கோல் கிடந்தது.

"இது எதுக்குன்னு நெனச்சே? சியூ பெங் தினமும் எனக்கு வெட்டித்தான் தர்றா. முழுசா குடுத்தா எந்தப் பல்லால கடிக்கிறது? வயசாச்சு, கால் விழுந்திருச்சு. அவ்வளவுதான்."

"அப்ப எதுக்கு என்னை வராதேன்னு சொன்னீங்க?"

ஆ சோவின் சிரிப்பு நின்றது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என் மீகூனை நீ காய்ச்சல்ல சாப்பிட்டே. நாக்குல ருசி இருந்திருக்காது. அதுக்கப்புறம் ஒரு நாளும் சாப்பிடல. நான் நல்லா சமைக்கிறவளா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் உனக்குத் தெரியாது. வருவே, குடுப்பே, ஓடுவே. நான் தட்டை வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பேன்."

காத்தமுத்து கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சியூ பெங், அடுப்பைப் பத்த வை" என்றார் ஆ சோ.

சியூ பெங் மீகூனைப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டாள். மடத்தில் சமைக்கும்போது வெந்நீரை ஊற்றிக் குழைய விடுவதுதான் காத்தமுத்துவின் வழக்கம். அவர் எட்டிப் பார்த்து, அட என்று தலையை ஆட்டிக்கொண்டார். சட்டியில் பூண்டு விழுந்தது, கோஸ் விழுந்தது, தவுகே என்கிற பயறு முளை விழுந்தது. படுக்கையில் இருந்தபடியே ஆ சோ காதால் சமைத்தார். "தீ பத்தல! இன்னும் கொஞ்சம் வை! ஆங், இப்பப் போடு!"

தட்டு வந்தது. காத்தமுத்து எடுத்து வாயில் வைத்தார். இழைகள் வாயிலிருந்து தட்டு வரைக்கும் தொங்கின. கடிக்கப் பயந்துகொண்டு உறிஞ்சினார். முடிகிற பாடாக இல்லை.

"கடிய்யா, கடி!" என்றார் ஆ சோ.

கடித்தார். மென்றார். அவர் முகத்தை மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆ சோ முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிருந்தது. "கேட்டியாடி? உப்பு கம்மி! நான் எத்தனை தடவை சொன்னேன்!"

சியூ பெங் உப்பைக் கொண்டுவந்தாள். காத்தமுத்து தட்டை வழித்துச் சாப்பிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை. காலித் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தன் வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

இரண்டாவது தட்டு அவருக்கு வந்தபோது ஆ சோவுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. ஆ சோ கத்தரிக்கோலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"வெட்டு. சின்னதா."

அவர் வெட்டினார். ஆ சோ ஒவ்வொரு வாயாக நிதானமாக மென்று விழுங்கினார்.

கிளம்பும்போது சியூ பெங் காய்ந்த மீகூன் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். காத்தமுத்துவின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. "நாளைக்கே நான் ஒரு..."

அம்மையார் தொண்டையைக் கனைத்தார்.

அவர் வாயை மூடிக்கொண்டார். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கட்டில் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு ஆ சோ."

"திங்கக்கிழமை சூப்பு வைக்கச் சொல்றேன்" என்றார் ஆ சோ. "வா."

திரும்பும் வழியில் காத்தமுத்து பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போகட்டும் என்று இருவரும் நின்றார்கள்.

"அம்மா."

"சொல்லுங்க ஐயா."

"நாப்பது வருஷமா கொடுத்துக்கிட்டே இருந்தேன். நெஞ்சுல பாரம் குறையவே இல்ல. இன்னைக்கு ஒண்ணுமே கொடுக்கல. வயிறு முட்டத் தின்னுட்டு, பொட்டலமும் வாங்கிட்டு வர்றேன். பாரத்தைக் காணோம். அந்தக் கடன் எப்படிம்மா தீர்ந்துச்சு?"

ரயில் கடந்து போனது. கேட் திறந்தது.

"அவங்க எப்பய்யா உங்களுக்குக் கடன் கொடுத்தாங்க?" என்றார் அம்மையார். "மீகூனைத்தானே கொடுத்தாங்க."